சாய்தளம், கலோரிமீட்டர், 991 இஎஸ் பிளஸ்: இயற்பியல் வீட்டுப்பாடத்துக்கு இந்தக் கால்குலேட்டர் எப்படி?

கேசியோ எஃப்எக்ஸ்-991 இஎஸ் பிளஸ். இப்போது கடைகளில் கிடைப்பது இதன் இரண்டாம் பதிப்பு. 417 செயற்பாடுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். முதலாண்டு இயற்பியல் வீட்டுப்பாடத்தில் அதில் நாற்பதைத் தொட்டாலே அதிகம். விசைக் கணக்குகளுக்கு இது கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். வெப்பக் கணக்குகளில் பாதி வழிதான் கூட வரும், மீதியை நாம்தான் நடக்க வேண்டும். எந்த இடத்தில் கைவிடும் என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

கையில் எடுத்ததும் முதல் வேலை: ஷிஃப்ட், 9, 1, =, ஏசி. அமைப்பு முழுவதும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். திரையின் மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘டி’ தெரிகிறதா பாருங்கள். கோணம் டிகிரியில் இருப்பதற்கு அதுதான் அடையாளம். ‘ஆர்’ தெரிந்தால் ரேடியன், ‘ஜி’ தெரிந்தால் கிரேடியன் (செங்கோணத்தை நூறாகப் பிரிக்கும் அளவு). இந்த எழுத்தை இவ்வளவு சின்னதாகப் போட்டதுதான் இந்தக் கருவியின் மிகப் பெரிய குறை என்பேன். அணைத்துப் போட்டாலும் இந்த அமைப்பு மாறாது. அலைகள் பாடத்துக்காக நேற்று ரேடியனுக்கு மாற்றியிருந்தால், இன்று சாய்தளக் கணக்குக்கும் அதே ரேடியன்தான்.

என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 30 டிகிரி சாய்தளத்தில் 5 கிலோ கட்டை சறுக்குகிறது, உராய்வுக் குணகம் 0.2. முடுக்கம் என்ன? 5 கிலோ சும்மா கண்ணைக் கட்டுவதற்குக் கொடுத்தது, நிறை அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 9.8 × (சைன் 30 − 0.2 × காஸ் 30). டிகிரியில் தட்டினால் 3.20. ரேடியனில் −9.99. கிரேடியனில் 2.70.

ரேடியன் விடையில் குறி எதிர்மறையாக இருப்பதால் சுதாரிக்க வாய்ப்பு உண்டு. ஆனாலும் 9.99 என்பது ஈர்ப்பு முடுக்கத்தின் பக்கத்திலேயே இருப்பதால், ‘திசையைத்தான் மாற்றி எடுத்துவிட்டோம்’ என்று குறியை மட்டும் அழித்துவிட்டு நகர்கிறவர்கள் உண்டு. கிரேடியன் விடைதான் நிஜமான வில்லன். 2.70 என்பது பார்க்க ஒழுங்கான விடை, யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் விசைக் கணக்கில் உட்காரும் முன் சைன் 30 தட்டி = அழுத்துங்கள். பாதி என்று வந்தால் தொடரலாம். வராவிட்டால் ஷிஃப்ட், மோட், 3. இரண்டு விநாடி வேலைதான்.

அந்தப் ‘பாதி’யும் 0.5 என்று வராது. ஒன்றின் கீழ் இரண்டு என்று பின்னமாகவே நிற்கும். ஆரம்ப நிலையில் கருவி பாடப்புத்தக வடிவத்தில்தான் விடை தரும். 10 × காஸ் 30 தட்டினால் 5√3 என்று நிற்கும். கணக்கு வகுப்புக்கு அது அழகு. இழுவிசை எத்தனை நியூட்டன் என்று கேட்கிற இயற்பியலுக்கு அதனால் பயனில்லை. எஸ்-டி பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 8.66 ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் அழுத்தச் சலிப்பாக இருந்தால் ஷிஃப்டுடன் = அழுத்துங்கள், நேராகத் தசமத்திலேயே வரும். பத்து மீட்டர் இரும்புக் கம்பி 30 டிகிரி சூடானால் எவ்வளவு நீளும் என்ற கணக்கில் 3.6 மில்லிமீட்டருக்குப் பதில் 9-இன் கீழ் 2500 என்று திரையில் வந்து பயமுறுத்துவதற்கும் இதுதான் காரணம்.

இந்தக் கருவி உண்மையில் பிரகாசிக்கும் இடம் சமன்பாட்டு மோட். மோட், 5, பிறகு 1 அழுத்தினால் இரண்டு தெரியாத எண்கள் கொண்ட இரண்டு சமன்பாடுகளுக்கான கட்டம் திறக்கும். கப்பிக் கணக்கும் இரட்டைக் கயிற்றுக் கணக்கும் இதற்கென்றே பிறந்தவை. கப்பியின் ஒரு பக்கம் 3 கிலோ, மறுபக்கம் 5 கிலோ. தெரியாதவை முடுக்கமும் இழுவிசையும். லேசான பக்கத்துக்கு இழுவிசை − 3 × 9.8 = 3 × முடுக்கம். கனமான பக்கத்துக்கு 5 × 9.8 − இழுவிசை = 5 × முடுக்கம். தெரியாதவற்றை எல்லாம் இடப்பக்கம் கொண்டுவந்து அடுக்கினால் முதல் வரி −3, 1, 29.4. இரண்டாம் வரி 5, 1, 49. = தட்டினால் முடுக்கம் 2.45, இன்னொரு முறை தட்டினால் இழுவிசை 36.75 நியூட்டன்.

பல பேர் சறுக்குவது இந்த ‘இடப்பக்கம் கொண்டுவந்து அடுக்கும்’ வேலையில்தான். கட்டத்தின் மூன்றாம் நிரல் சமக்குறிக்கு வலப்பக்கம் இருப்பது. அதை இடப்பக்கமென்று எடுத்துக்கொண்டு −29.4 போட்டால் குறி புரண்ட விடை வரும். முதல் வரியில் −3-க்குப் பதில் 3 போட்டால் முடுக்கம் 9.8, இழுவிசை சுழி என்று காட்டும். அதாவது கயிறே இல்லாததுபோல இரண்டும் விழுகின்றன என்று சொல்கிறது. இப்படி ஒரு விடை வந்தால் கருவியைத் திட்டாமல் குறியைப் பாருங்கள். விடை சரியா என்பதற்கு ஒரு நாட்டுச் சோதனையும் உண்டு: இழுவிசை எப்போதும் இரண்டு எடைகளுக்கும் நடுவில்தான் இருக்கும். இங்கே 29.4-க்கும் 49-க்கும் இடையே 36.75 நிற்கிறது, சரி.

இரட்டைக் கயிற்றில் இன்னும் சுகம். 10 கிலோ பொருளை இரண்டு கயிறுகள் தாங்குகின்றன, கிடைமட்டத்தோடு ஒன்று 30 டிகிரி, மற்றது 45 டிகிரி. கட்டத்தில் எண்ணுக்குப் பதில் காஸ் 30, −காஸ் 45, 0 என்றும், அடுத்த வரியில் சைன் 30, சைன் 45, 98 என்றும் அப்படியே தட்டலாம். விடை 71.74, 87.86 நியூட்டன். இரண்டையும் கூட்டினால் 98-ஐத் தாண்டுகிறதே என்று குழம்ப வேண்டாம். சாய்வாக இழுக்கும் கயிறுகள் ஒன்றை ஒன்று பக்கவாட்டிலும் இழுத்துக்கொள்கின்றன. செங்குத்துக் கூறுகளைக் கூட்டிப் பாருங்கள், 98 வரும்.

தொகுபயன் விசையின் திசையை டேன் தலைகீழால் கண்டுபிடிப்பதை விட்டுவிடுங்கள். ஷிஃப்டும் + பொத்தானும் சேர்ந்தால் ‘போல்’ என்று ஒன்று வரும். அதில் கிடைக்கூறு, காற்புள்ளி, செங்குத்துக்கூறு கொடுத்தால் அளவும் கோணமும் சேர்ந்தே வரும். காற்புள்ளி, ஷிஃப்டுடன் மூடும் அடைப்புக்குறி. −3, 4 கொடுத்தால் 5, 126.87 டிகிரி. அதையே டேன் தலைகீழில் போட்டால் −53.13 என்று எதிர்த்திசையைக் காட்டும், ஏனென்றால் வகுத்த பிறகு எந்தக் கூறு எதிர்மறை என்ற தகவலே காணாமல் போய்விடுகிறது. ஒரே எச்சரிக்கை: போல் போட்டதும் விடைகள் எக்ஸ், ஒய் நினைவகங்களில் போய் உட்காரும். அங்கே ஏதாவது சேமித்து வைத்திருந்தால் போச்சு.

இனி வெப்பம். இங்கே இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் உண்டு. ஒன்று விரலில், மற்றது தலையில்.

விரலில் இருப்பது பத்தின் அடுக்கு. கீழ் வரிசையில் புள்ளிக்கும் ‘ஆன்ஸ்’ பொத்தானுக்கும் நடுவே ×10 போட்டு மேலே அடுக்குடன் ஒரு பொத்தான் இருக்கிறது. பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பமான (ஒரு கிலோ உருகத் தேவையான ஜூல்) 3.34 × 10-இன் 5-ஆம் அடுக்கை அதைக் கொண்டு மட்டும்தான் தட்ட வேண்டும். பெருக்கல் குறி, 1, 0, பிறகு அடுக்குப் பொத்தான் என்று தட்டுகிறவர்களுக்குப் பெருக்கும்போது ஒன்றும் ஆகாது, வகுக்கும்போது மாட்டிக்கொள்வார்கள். 23016 ஜூல் வெப்பம் எவ்வளவு பனிக்கட்டியை உருக்கும்? 23016-ஐ உள்ளுறை வெப்பத்தால் வகுக்க வேண்டும். சரியான பொத்தானில் 0.0689 கிலோ, அதாவது 69 கிராம். மற்ற வழியில் கருவி முதலில் 3.34-ஆல் வகுத்து, பிறகு லட்சத்தால் பெருக்கிவிடும். விடை ஏறத்தாழ 6.9 லட்சம் டன் பனிக்கட்டி. ஒரு டம்ளர் தண்ணீரின் சூட்டில்!

எதிர்மறை எண்ணுக்கும் தனிப் பொத்தான் உண்டு, அடைப்புக்குறிக்குள் கழித்தல் போட்டது. சாதாரணக் கழித்தலை வரியின் தொடக்கத்தில் அழுத்தினால் முந்தைய விடையிலிருந்து கழிக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளும். −10 டிகிரி பனிக்கட்டி என்று வரும் கணக்குகளில் இது அடிக்கடி காலை வாரும். திரையின் இடது ஓரத்தில் ‘ஆன்ஸ்’ என்று முளைத்தால் ஏசி அழுத்தித் திரும்பத் தட்டுங்கள்.

தலையில் இருக்கும் சிக்கலைச் சொல்லும் முன் ‘சால்வ்’ பொத்தானைப் பாராட்டியாக வேண்டும். 100 டிகிரியில் உள்ள 200 கிராம் அலுமினியத்தை 25 டிகிரியில் உள்ள 300 கிராம் தண்ணீரில் போடுகிறோம், கலோரிமீட்டர் எடுத்துக்கொள்ளும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. இழந்த வெப்பம் = பெற்ற வெப்பம் என்று சமன்பாட்டை அப்படியே எழுதலாம்: 0.2 × 900 × (100 − எக்ஸ்) = 0.3 × 4186 × (எக்ஸ் − 25). 900 அலுமினியத்தின் தன்வெப்பம், 4186 தண்ணீருடையது. எக்ஸ் வேண்டும் என்றால் ஆல்ஃபாவும் மூடும் அடைப்புக்குறியும். நடுவில் வரும் சமக்குறிக்கு ஆல்ஃபாவும் கால்க் பொத்தானும். சாதாரண = அழுத்தினால் அது சமன்பாடாகாது. எழுதி முடித்ததும் ஷிஃப்ட், கால்க். எங்கிருந்து தேடத் தொடங்கட்டும் என்று கேட்கும், 30 கொடுங்கள். விடை 34.40 டிகிரி, கூடவே இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சுழி என்ற வரி. அடைப்புக்குறியை விரித்து, எக்ஸை ஒரு பக்கம் ஒதுக்கி என்று மூன்று வரி வேலை மிச்சம்.

இந்தச் சுகத்துக்குப் பழகியவர்கள் விழும் குழி பனிக்கட்டிக் கணக்கு. −10 டிகிரியில் 100 கிராம் பனிக்கட்டி, 30 டிகிரியில் 200 கிராம் தண்ணீர். கடைசி வெப்பநிலை என்ன? பனிக்கட்டி 0 டிகிரிக்கு வர 0.1 × 2100 × 10, அதாவது 2100 ஜூல். உருக 33400 ஜூல். உருகிய நீர் எக்ஸ் டிகிரிக்குச் சூடாக 418.6 × எக்ஸ். இது எல்லாம் தண்ணீர் இழந்த 837.2 × (30 − எக்ஸ்)-க்குச் சமம். சால்வ் அழுத்தினால் பதில் −8.27 டிகிரி. வித்தியாசம் சுழி என்றும் சொல்லிவிடும். கருவியைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது.

பனிக்கட்டி எல்லாம் உருகித் தண்ணீரான பிறகு அந்தத் தண்ணீர் −8 டிகிரியில் நிற்கிறதாம். தவறு கருவியில் இல்லை. பனிக்கட்டி முழுவதும் உருகிவிட்டது என்று சமன்பாட்டை எழுதும்போதே நாம் முடிவு செய்துவிட்டோம். தண்ணீர் 0 டிகிரிக்குக் குளிர்ந்தாலும் தரக்கூடியது 0.2 × 4186 × 30 = 25116 ஜூல்தான். பனிக்கட்டிக்குத் தேவை 35500. சரக்கு போதவில்லை. ஆகவே கொஞ்சம் உருகி, மீதி பனிக்கட்டியாகவே மிதக்கும், வெப்பநிலை 0 டிகிரி. உருகியது எவ்வளவு? 25116-இல் பனிக்கட்டியைச் சூடாக்கிய 2100 போக மிச்சம் 23016 ஜூல், மேலே பார்த்த அதே 69 கிராம். 31 கிராம் உருகாமல் மிஞ்சும்.

எனவே பனிக்கட்டியோ நீராவியோ வந்தால் சால்வ் பக்கமே போகாதீர்கள். முதலில் தாளில் இரண்டே எண்கள்: கையிருப்பு எவ்வளவு, நிலை மாறத் தேவை எவ்வளவு. எது பெரியது என்று தெரிந்த பிறகுதான் சமன்பாடு. இந்த ஒப்பீட்டுக்குக் கருவியின் நினைவகம் நன்றாக உதவும். 4186-ஐ ஏ-இலும், 3.34 லட்சத்தை பி-இலும், பனிக்கட்டியின் தன்வெப்பமான 2100-ஐ சி-இலும் போட்டு வைத்துவிட்டால் (எண், ஷிஃப்ட், ஆர்சிஎல், பிறகு அந்தந்த எழுத்துப் பொத்தான்) வெப்பப் பாடம் முடியும்வரை அவற்றைத் திரும்பத் தட்ட வேண்டியதில்லை.

கதிர்வீச்சுக் கணக்கில் சால்வுக்கு வேறொரு குணம். தேடும் முறை நியூட்டன் முறை. வெப்பநிலையின் நான்காம் அடுக்கு வரும் இந்தச் சமன்பாட்டில் தொடக்கத்தைச் சுழி என்று கொடுத்தால் அங்கே வளைவு தட்டையாக இருப்பதால் முட்டி நிற்கும். எதிர்மறை எண் கொடுத்தால் −400 கெல்வின் என்று சிரிக்காமல் சொல்லும். 300 கொடுத்துத் தொடங்குங்கள். கெல்வினுக்கு மாற்ற மறந்தால் எவ்வளவு போகும் தெரியுமா? 127 டிகிரி செல்சியஸில் உள்ள கரும்பொருள் சதுர மீட்டருக்குச் சுமார் 1450 வாட் வீசும். 400-க்குப் பதில் 127 போட்டால் 15 வாட்டுக்கும் கீழே இறங்கிவிடும், கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு.

மூடியின் உள்பக்கத்தில் மாறிலிகள், அலகு மாற்றங்கள் இரண்டுக்கும் பட்டியல் ஒட்டியிருக்கிறது, ஒவ்வொன்றிலும் நாற்பது. மாறிலிக்கு ஷிஃப்ட், 7, பிறகு இரண்டு இலக்க எண். வெப்பத்துக்கும் விசைக்கும் தேவைப்படுபவை சிலதான்: வாயு மாறிலி 27, ஸ்டீஃபன்–போல்ட்ஸ்மன் மாறிலி 31, ஈர்ப்பு முடுக்கம் 35, செல்சியஸை கெல்வினாக்கும் 273.15-க்கு 38, வளிமண்டல அழுத்தம் 40. ஈர்ப்பு முடுக்கம் 9.80665 என்று நுணுக்கமாக இருக்கும். கேள்வியில் 9.8 அல்லது 10 என்று கொடுத்திருந்தால் அதையே போடுங்கள், இல்லாவிட்டால் விடைப் பக்கத்தோடு ஒத்துப்போகாது. தன்வெப்பமும் உள்ளுறை வெப்பமும் இந்த நாற்பதில் இல்லை. அவை பொருளுக்குப் பொருள் மாறுபவை என்பதால் அதில் குறை சொல்ல முடியாது.

அலகு மாற்றத்துக்கு ஷிஃப்ட், 8. மணிக்கு 72 கிலோமீட்டரை மாற்ற 72, ஷிஃப்ட், 8, 19, = தட்டினால் விநாடிக்கு 20 மீட்டர். ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக்கும் 37-இல் மட்டும் கவனம். அது வெப்பமானி காட்டும் அளவை மாற்றும், வெப்பநிலை வித்தியாசத்தை மாற்றாது. 18 ஃபாரன்ஹீட் டிகிரி உயர்வு என்பது 10 செல்சியஸ் டிகிரி உயர்வு. 37-இல் போட்டால் −7.78 என்று வரும். இதே குடும்பத்துத் தவறுதான் வெப்பநிலை உயர்வுடன் 273 கூட்டுவதும். வெப்பக் கடத்தல் கணக்கில் 20 டிகிரி வித்தியாசம் கெல்வினிலும் 20-தான்.

இடைவிடையைத் தாளில் 0.33 என்று எழுதி, அதையே மறுபடி தட்டாதீர்கள். உள்ளே 15 இலக்கம் வரை வைத்திருக்கிறது, ஆன்ஸ் பொத்தானை அழுத்தினால் முழுதும் வரும். சுருக்குவதைக் கடைசி வரியில் வைத்துக்கொள்ளலாம். ஆய்வக ஏட்டுக்குப் புள்ளிவிவர மோடில் நேர்கோட்டுப் பொருத்தமும் உண்டு. அதில் சாய்வு ‘பி’, வெட்டுத்துண்டு ‘ஏ’. கணக்குப் புத்தகத்துக்கு நேர் எதிர் வரிசை என்பதால் ஒருமுறையாவது மாற்றி எழுதிவிடுவீர்கள்.

யார் வாங்கலாம்? பொறியியல், பாலிடெக்னிக், பி.எஸ்சி. முதலாண்டில் இருப்பவர்கள் தயங்க வேண்டாம். பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு வேறு கதை. அரசுப் பொதுத்தேர்வில் மடக்கை அட்டவணைதான். நீட், ஜேஇஇ தேர்வுகளில் கால்குலேட்டருக்கு இடமே இல்லை. அவர்கள் வீட்டுப்பாடத்தைக் கையால் போட்டு முடித்துவிட்டுச் சரிபார்க்க மட்டும் எடுத்தால் பரவாயில்லை. சைன் 37 என்றால் 0.6 என்று வாயில் வர வேண்டிய வயதில் பொத்தானைத் தேடப் பழகினால் தேர்வறையில் கை உதறும்.

இதைவிட மிக மலிவான எஃப்எக்ஸ்-82 எம்எஸ்ஸில் சைன், காஸ், அடுக்கு எல்லாம் உண்டு. சால்வ், சமன்பாட்டு மோட், மாறிலிகள் கிடையாது. பள்ளிக்கு அதுவே போதும். புதிதாக வந்திருக்கும் 991 சிடபிள்யூவில் திரை துல்லியம், ஆனால் மாறிலியும் அலகு மாற்றமும் ‘கேட்டலாக்’ பட்டியலுக்குள் போய்விட்டன. ஷிஃப்ட், 7 என்று விரல் பழகியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். முதல் கருவியே அதுதான் என்றால் வித்தியாசம் தெரியாது. பாதி வகுப்பு பழையதும் பாதி வகுப்பு புதியதும் வைத்திருந்தால், பக்கத்து பெஞ்சில் ‘எதை அழுத்தணும்’ என்று கேட்டு உதவி பெறுவது சிரமம், அவ்வளவுதான்.

மேலே தெரியும் சூரியத் தகடு பாதித் துணைதான், உள்ளே எல்ஆர்44 பொத்தான் பேட்டரி ஒன்று இருக்கிறது. மங்கலான வெளிச்சத்தில் எழுத்து வெளுத்தால் பேட்டரி போகப்போகிறது என்று அர்த்தம். நன்றாக ஓடினாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது, கசிந்தால் பலகையே கெட்டுப்போகும். பின்பக்கத் திருகுகளைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் கழற்றி, கூட்டல் முனை மேலே பார்க்க வைத்து மூடவும். பிறகு ஆன், ஷிஃப்ட், 9, 3, =, ஏசி. இதில் நினைவகமும் சேர்ந்து அழிந்துவிடும். ஏ, பி, சி-இல் போட்டு வைத்த 4186-ஐயும் மற்றவற்றையும் மறுபடி தட்டிச் சேமிக்க வேண்டும்.